பொருளாதாரத் தடையும் ஒரு ‘பெல்ற்’றும்

யாழ்ப்பாணத்தின் போர்க்காலத்தை நினைவுகூரும் எழுத்துகளில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் தவறாமல் இடம்பெற்றுவிடுகின்றன. 1990களின் முற்பாதியில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனபோது, நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டிய சாதுரியத்தை வெளியிலிருந்து வந்த செய்தியாளர்கள் வியந்து எழுதினார்கள். புலம்பெயர்ந்து வாழ்வோர் இன்றும் அதைத் தம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்கிறார்கள். சொல்ல வேண்டிய பெருமைதான்.

எரிபொருளுக்கு மாற்றுக் கண்டுபிடித்த கதை அது. மாற்றே காண முடியாத ஒரு பொருளைக் காப்பாற்றிய கதையும் அதே கார்களுக்குள் இருந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் அரிது. எஞ்சினின் முகப்பில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் கறுத்த இரப்பர் வளையம்தான் அந்தப் பொருள். யாழ்ப்பாணத்தில் அதனை ‘ஃபேன் பெல்ற்’ என்போம். தமிழகத்தார் ‘பெல்ட்’ என்பார்கள். கையில் எடுத்தால் பாரம் தெரியாத அந்த வளையம் அறுந்துபோனால், நல்ல நிலையிலுள்ள கார் ஒன்று சில மைல் தூரத்துக்குள் பயனற்ற இரும்பாகிவிடும். தடைக்காலத்தில் புதிய பெல்ற் வாங்குவது குதிரைக்கொம்பு. ஆகவே, அறுந்தபின் மாற்றுவது என்ற வழக்கம் போய், அறுவதற்கு முன் பார்த்து அறிவது என்ற வழக்கம் வந்தது. அந்தப் பார்வையைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒரு வளையம், மூன்று வேலைகள்

மோட்டார் வாகனங்களோடு பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சில விளக்கங்கள். எஞ்சினுக்குள் எரியும் எரிபொருள் முடங்குதண்டு எனப்படும் தண்டைச் சுழற்றுகிறது. அத்தண்டின் முன்முனையில் ஒரு கப்பி பொருத்தப்பட்டிருக்கும். அக்கப்பியிலிருந்து மேலே விசிறிக்கும், பக்கத்தில் டைனமோவுக்குமாக முக்கோண வடிவில் பெல்ற் ஓடும். விசிறி பொருத்தப்பட்டுள்ள அதே தண்டில் தண்ணீர்ப் பம்பும் இருக்கும். ஆக, றேடியேற்றரின் ஊடாகக் காற்றை இழுப்பது, எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓட விடுவது, பற்றரிக்கு மின்னேற்றுவது ஆகிய மூன்று வேலைகளும் அந்த ஒரு வளையத்தை நம்பியே நடந்தன. 1950களின் பெரும்பாலான பிரித்தானியக் கார்களின் அமைப்பு இதுதான்.

பெல்ற்றின் குறுக்குவெட்டு ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்றது. மேற்புறம் அகன்றும் கீழ்ப்புறம் ஒடுங்கியும் இருக்கும். கப்பியிலுள்ள பள்ளமும் அதே வடிவினது. இழுவிசை கூடும்போது பெல்ற் பள்ளத்துக்குள் ஆப்புப் போல இறுகிக்கொள்ளும். பெல்ற் பிடிப்பது அதன் இரு பக்கச் சுவர்களால்தானே தவிர, அடிப்பகுதியால் அன்று. இந்த ஒரு செய்தியை மறவாதிருந்தால், பின்னால் சொல்லப்போகும் பரிசோதனைகள் யாவும் தாமாகவே விளங்கும்.

அமெரிக்காவின் டென்வர் நகரில் இரப்பர்த் தொழில் நடத்திய கேற்ஸ் சகோதரர்களில் ஒருவரான ஜோன் கேற்ஸ் 1917இல் இந்த ‘வி’ வடிவப் பெல்ற்றை உருவாக்கினார். அதற்கு முன்னர் விசிறிகளைச் சுற்றியவை தட்டையான தோல் வார்களும் கயிறுகளுமே. அவை வழுக்கின, மழையில் நனைந்து தளர்ந்தன. ‘வி’ பெல்ற் வந்தபின் அந்தத் தொல்லை குறைந்தது. கூடவே ஒரு வசதியும் போயிற்று. நம் ஊர் அரைக்கும் மில்களில் ஓடிய தட்டை வார் அறுந்தால், பழுதான துண்டை வெட்டி எறிந்துவிட்டு, முனைகளை இணைத்துத் தைத்து மறுபடி ஓட்டலாம். ‘வி’ பெல்ற் அப்படியன்று. இழைநாரை உள்ளே பொதித்து, இரப்பரை அச்சிலிட்டு, வெப்பத்தில் பதப்படுத்தி, முனையே இல்லாத வளையமாக ஆலையில் வார்க்கப்படுவது அது. அறுந்தால் ஒட்ட முடியாது. கொல்லனும் தச்சனும் அதைச் செய்து தர முடியாது.

அந்தக் கார்கள் ஏன் அங்கே இருந்தன?

1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 டெவன், 1952இல் அதன் இடத்தைப் பிடித்த ஏ40 சோமசெற், 1948இல் அறிமுகமான மொறிஸ் மைனர், பின்னர் வந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவைதாம் யாழ்ப்பாணத்து வீதிகளின் அடையாளமாக விளங்கிய கார்கள். ‘ஏ போர்ட்டி’ என்றால் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ் நிலையத்திலும் வாடகைக்கு நின்றவை அவைதாம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை ஏற்றியதும், மகப்பேற்றுக்குத் தாயை ஏற்றியதும், பிள்ளையோடு அவளைத் திரும்ப வீடு சேர்த்ததும் அவைதாம்.

அவை அத்தனை காலம் நிலைத்ததற்கு மக்களின் சிக்கனத்தை மட்டும் காரணம் காட்டுவது சரியாகாது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்திலிருந்தே இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்து யாழ்ப்பாண விவசாயி நிமிர்ந்த காலமும் அதுவே. கையில் காசு இருந்தது; வாங்கப் புதிய கார் இல்லை. இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட்டும் பழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் யப்பானிய வாகனங்கள் தீவெங்கும் பரவின. குடாநாட்டுக்கும் அவை வந்தன. ஆனால் 1983க்குப் பிறகு போர் சூழ்ந்த மண்ணில் புதிய வாகனத்தில் முதலிடத் துணிந்தவர்கள் எத்தனை பேர்? பழைய கார்கள் பட்டறைகளிலேயே வாழ்ந்தன. கராச்சுகளில் வேலை பழகிய ஒரு தலைமுறை, அவற்றின் ஒவ்வொரு ஆணியையும் கண்ணை மூடிக்கொண்டே அறிந்திருந்தது.

1990இல் வந்த தடை

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டது. யாழ்தேவி ரயில் சேவை நின்றது. 2014 ஒக்டோபரில்தான் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அதற்கிடையே தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளாகிவிட்டிருந்தன. தேசிய மின்வழங்கல் துண்டிக்கப்பட்டது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பயணம் செய்ய வேண்டியவர்கள் கடல்நீரேரியைப் படகில் கடந்தார்கள். கிளாலிக் கரையில் இரவில் ஏறியவர்களில் எல்லோரும் மறுகரை சேரவில்லை.

அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையின் பட்டியல் நீண்டது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு, இரசாயன உரம், ரயர், வாகன உதிரிப் பாகங்கள் எனப் படைத்துறைப் பயன்பாடு கற்பிக்கக்கூடிய யாவும் அதில் இருந்தன. அச்சுத்தாளும் போதாமையால், நாளிதழ்கள் கோடிட்ட கொப்பித் தாள்களில்கூட அச்சாயின. பத்திரிகைத் தொழிலில் இருந்த எங்களைப் போன்றவர்களுக்கு மின்பிறப்பாக்கியின் உறுமலே அன்றைய வேலை தொடங்குவதன் அறிகுறி. அதுவும் ஒரு பெல்ற்றை நம்பியே ஓடிற்று.

இங்கே கசப்பான ஒரு முரணைச் சொல்லியாக வேண்டும். இலங்கை இரப்பர் விளையும் நாடு. 1876இல் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த இரப்பர்க் கன்றுகள் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆசியாவின் இரப்பர்ப் பயிர்ச்செய்கை வேர்விட்ட இடங்களில் அது முதன்மையானது. 1952இல் சீனாவோடு அரிசிக்கு இரப்பரைக் கொடுக்கும் ஒப்பந்தம் செய்து பெயர்பெற்ற நாடும் இதுவே. 1990களில் நாட்டின் தென்பகுதியில் மொறிஸ் மைனர் கார்களுக்கான உதிரிப் பாகங்கள் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாயின. அதே நாட்டின் வட முனையில், அதே மொறிஸ் மைனரை வைத்திருந்த ஒருவருக்கு ஒரு பெல்ற் கிடைக்கவில்லை. ஒரு தடைப் பட்டியல் நாட்டை எப்படி இரண்டாக்குகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது.

மண்ணெண்ணெய் தின்ற இரப்பர்

மண்ணெண்ணெயில் பெற்றோல் கார் ஓடுவது மந்திரமன்று. எரிவாயுக் கலவையை எஞ்சின் எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதே விடயம். இன்றைய கார்கள் பத்து மடங்குக்கும் மேலே அழுத்துகின்றன. அன்றைய ஏ40 ஏழு மடங்கை ஒட்டியே அழுத்தியது. தரங்குறைந்த எரிபொருளையும் அது தட்டுத்தடுமாறியேனும் ஏற்றுக்கொண்டது. பிரித்தானியாவில் 1940களிலும் 1950களிலும் விற்பனையான பல உழவு இயந்திரங்கள் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஓர் எரிபொருளில் ஓடவென்றே செய்யப்பட்டவை. புகழ்பெற்ற பெர்குசன் உழவு இயந்திரத்திலும் 1949 முதல் அத்தகைய வகையொன்று வந்தது. பெற்றோலில் இயக்கி, எஞ்சின் சூடேறியபின் மற்றைய எரிபொருளுக்கு மாற்றுவதே அதன் முறை. யாழ்ப்பாணத்தில் சிறு போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றியவர்கள் அதே முறையைத் தேவையின் நிமித்தம் தாமாகவே கண்டடைந்தார்கள்.

ஆனால் இதற்கொரு விலை இருந்தது. மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாக வேண்டுமென்றால் எஞ்சின் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். அந்த உழவு இயந்திரங்களில் றேடியேற்றரை மூடித் திறக்கும் மறைப்பும் வெப்பமானியும் பொருத்தப்பட்டது அதனால்தான். சூடு குறைந்தால் எரிபொருள் முழுவதும் எரியாது. எரியாத மிச்சம் உருளைச் சுவர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்துவிடும். சூடு கூடினாலோ எஞ்சினில் தட்டல் எழும். தலைப்பாகத்தின் காஸ்கற் எரியும். போதாத சூட்டுக்கும் மிஞ்சிய சூட்டுக்கும் இடையிலிருந்த வழி, பெற்றோலில் ஓடியபோது இருந்ததைவிட மிகவும் ஒடுங்கிவிட்டது. அந்த ஒடுங்கிய வழியில் எஞ்சினைப் பிடித்து வைத்திருந்தது தண்ணீரும் காற்றும். அவற்றை ஓட்டியது பெல்ற்.

இன்னொன்றும் நடந்தது. இரப்பருக்கு எண்ணெயும் மண்ணெண்ணெயும் பகை. எஞ்சின் முகப்பில் கசியும் ஒயிலோ, குழாயிலிருந்து சொட்டும் மண்ணெண்ணெயோ பெல்ற்றில் பட்டால் இரப்பர் ஊதி மென்மையாகும். பின்னர் உரிந்து போகும். ஓயாத சூடு மற்றப் பக்கத்தால் அதை உலர்த்தி வெடிக்க வைக்கும். காரை ஓட வைத்த சாதுரியமே அதன் பெல்ற்றைச் சிறுகச் சிறுகத் தின்றுகொண்டிருந்தது என்பதுதான் உண்மை.

எண்ணெய் முடிந்தால் கார் நிற்கும். பெல்ற் அறுந்தால் எஞ்சின் சாகும். கராச்சுகளின் கணக்கு அது. முன்னதற்கு மாற்று இருந்தது. பின்னதற்கு, உலகெங்கும் ஓட்டுநர்கள் அவசரத்துக்குக் கட்டிப் பார்க்கும் கயிறும் துணியும் நைலோன் காலுறையுமே இருந்தன. அவை சில மைல்களுக்கு மேல் தாங்குவதில்லை.

அமெரிக்கத் தடைக்கு ஆளான கியூபாவில் 1950களின் செவ்ரொலே கார்கள் இன்றும் ஓடுவதைப் பலரும் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஹவானாவையும் யாழ்ப்பாணத்தையும் ஒப்பிடுவது இயல்பு. கியூபாவுக்கு மறுபுறத்தில் சோவியத் ஒன்றியம் இருந்தது. சோவியத் வாகனங்களின் பாகங்களையே பழைய அமெரிக்கக் கார்களுக்குப் பொருத்தினார்கள். குடாநாட்டுக்கு மறுபுறம் என்று ஒன்று இல்லை. மூன்று புறம் கடல். எஞ்சிய புறத்தில் இராணுவ முகாம்.

பார்த்து அறியும் முறை

அந்நாளில் கவனமுள்ள ஓட்டுநர்களும் மெக்கானிக்மாரும் பெல்ற்றைப் பார்த்த முறை, இன்று எந்தக் கைந்நூலிலும் காணக்கூடிய முறைதான். வேறுபாடு எதிலென்றால், கைந்நூல் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வதை இவர்கள் நாள்தோறும் பார்த்தார்கள். எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையே அதற்கு ஏற்றது. ஓடும் எஞ்சினுக்குள் கை நீட்டுவது விரலை இழப்பதற்கான வழி.

முதலாவது, உட்புறம். பெல்ற் வளையும்போது மிகுதியாக நசுங்கி விரிவது அதன் உட்புறமே. ஆகவே வெடிப்பு முதலில் தோன்றுவதும் அங்கேதான். மேலிருந்து பார்த்தால் அது தெரியாது. பெல்ற்றை விரல்களால் பிடித்துத் திருப்பி, உட்புறத்தை வெளிச்சத்துக்குக் காட்ட வேண்டும். பிறகு எஞ்சினைக் கையால் சற்றுச் சுழற்றி அடுத்த பகுதி, அதற்கடுத்த பகுதி என்று முழு வளையத்தையும் பார்க்க வேண்டும். குறுக்காக மெல்லிய கீறல்கள் ஓரிரண்டு இருந்தால் அது மூப்பின் அறிகுறி. கீறல்கள் நெருங்கி ஆழமாகி உள்ளிழை தெரியத் தொடங்கினால் அந்தப் பெல்ற்றை நம்பி நெடுந்தூரம் போகக்கூடாது.

இரண்டாவது, பக்கச் சுவர்கள். நல்ல பெல்ற்றின் பக்கம் மங்கலாகவும் ஒரே சீராகவும் இருக்கும். கண்ணாடி போலப் பளபளத்தால் அது வழுக்கிச் சூடேறி இறுகிப்போயிருக்கிறது என்று பொருள். ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கினால் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஒரு நூலை இழுத்துப் பிடித்து, இரு கப்பிகளின் விளிம்புகளையும் அது ஒருசேரத் தொடுகிறதா என்று பார்த்தாலே கோணல் தெரிந்துவிடும். கோணலைத் திருத்தாமல் புதுப் பெல்ற் போட்டாலும் அதுவும் அதே வழியில் போகும்.

மூன்றாவது, பெல்ற் பள்ளத்துக்குள் எவ்வளவு ஆழமாக அமர்ந்திருக்கிறது என்பது. தேயத் தேய அது கீழே இறங்கும். அடியைத் தொட்டுவிட்டால் பக்கங்களின் ஆப்புப் பிடி போய்விடும். எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னுவதே அதற்கு அடையாளம். வெடிப்பே இல்லாத பெல்ற்கூட இந்த ஒரு குறையால் பயனற்றதாகலாம்.

நான்காவது, இறுக்கம். இரு கப்பிகளுக்கிடையே நீண்டு கிடக்கும் பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழ வேண்டும். கூடத் தாழ்ந்தால் தளர்வு: டைனமோ போதிய மின்னேற்றாது, முகப்புப் பலகையில் சிவப்பு விளக்கு மினுங்கும், வேகம் கூட்டும்போது கிரீச்சென்று கத்தும். தாழவே இல்லையென்றால் மிகை இறுக்கம்: பெல்ற் தப்பினாலும் தண்ணீர்ப் பம்பின் பெயரிங்கும் டைனமோவின் புஷ்ஷும் தேய்ந்துவிடும். பெல்ற்றைக் காப்பாற்றப் போய்ப் பம்பை இழப்பது, கிணற்றைக் காக்கத் துலாவை முறித்த கதையாகிவிடும். டைனமோவைப் பிடித்திருக்கும் ஆணிகளைத் தளர்த்தி, அதைச் சற்று வெளியே நெம்பி, மீண்டும் இறுக்குவதுதான் சரிசெய்யும் முறை.

ஐந்தாவது, காது. எஞ்சின் ஓடும்போது கத்தும் பெல்ற்றின் மேல் எட்ட நின்று சில துளி தண்ணீர் தெளிப்பார்கள். சத்தம் அடங்கிச் சிறிது நேரத்தில் மறுபடி வந்தால் கோணல். சத்தம் கூடினால் தளர்வு. வைத்தியர் நாடி பார்ப்பது போன்ற இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

இவற்றோடு, பெல்ற்றின் மேல் ஒயில் படாமல் துடைப்பதும், கசிவைக் கண்ட இடத்திலேயே அடைப்பதும், கழற்றிய பழைய பெல்ற்றை எறிந்துவிடாமல் மடியாதபடி நிழலில் தொங்கவிட்டு வைப்பதும் சேர்ந்தன. பழையது என்றாலும் வழியில் கைவிடப்பட்ட ஒருவருக்கு அது வீடு சேரும் வழி.

நடை வேகத்தில்

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, ஆஸ்பத்திரி. எரிபொருளில்லாமல் அம்புலன்ஸ் சேவை ஒடுங்கிப்போன அந்த ஆண்டுகளில், இரவில் வலி கண்ட தாய்மாரையும் குண்டுவீச்சில் காயப்பட்டோரையும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவற்றில் இந்தக் கார்களும் அடங்கும். 1990இன் பிற்பகுதியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு இரு தரப்போடும் பேசி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையைப் பாதுகாப்பு வலயமாக்கியது. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் உயிருக்கு ஓரளவு உத்தரவாதம் கிடைத்தது. அதுவரை வந்து சேர்வது வேறு கதை. வடமராட்சியின் ஒரு மூலையிலிருந்து இருபது மைல் வர வேண்டியவருக்கு, இடையில் பெல்ற் அறுந்தால் அடுத்த வாகனம் வராது. காலையில் பானட்டைத் திறந்து விரலால் தடவிப் பார்த்த ஐந்து நிமிடம், இரவில் ஓர் உயிரின் கணக்கில் சேர்ந்தது.

இரண்டாவது, 1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கிவர, வலிகாமத்து மக்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கிகள் அறிவித்தன. மழை பெய்த அந்த இரவில், இலட்சக்கணக்கானோர் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சியை நோக்கி நகர்ந்தார்கள். சைக்கிள்கள், மாட்டு வண்டிகள், இரு சக்கர உழவு இயந்திரங்கள், அவற்றிடையே முதியோரையும் நோயாளரையும் ஏற்றிய பழைய கார்கள். அந்தச் சில மைல்களுக்குப் பல மணி நேரம் பிடித்தது.

கார் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிர்விக்கும். விசிறியின் பங்கு சிறிது. நடக்கும் வேகத்திலும் குறைவாக ஊர்ந்து நின்று ஊரும்போது எதிர்க்காற்று இல்லை. விசிறி ஒன்றே காற்று; பம்பு ஒன்றே தண்ணீரோட்டம். எஞ்சினைச் சோதிப்பதற்கு இதைவிடக் கொடிய பாதையைத் திட்டமிட்டும் அமைத்திருக்க முடியாது. தேய்ந்து பள்ளத்தின் அடியில் அமர்ந்துவிட்ட ஒரு பெல்ற், திறந்த வீதியில் தன் குறையைக் காட்டாமல் மாதக்கணக்கில் ஓடியிருக்கும். அந்த இரவில் அது பொய்யுரைக்க வழியில்லை. நின்றுவிட்ட கார்கள் வீதியோரம் தள்ளப்பட்டன. உள்ளே இருந்த முதியவர்கள் இறங்கி நடந்தார்கள், அல்லது தூக்கிச் செல்லப்பட்டார்கள். ஓடிய கார்கள் ஓடியதற்கான காரணம், பெரும்பாலும், அதற்கு முந்திய நாட்களில் யாரோ ஒருவர் பார்த்த பார்வைதான்.

பின்னர் நடந்தவை

1995 டிசம்பர் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்குப் போனது. கடல் வழியாகப் பொருட்கள் வரத் தொடங்கின. தட்டுப்பாடு முற்றாக நீங்கவில்லை. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. லொறிகளில் உதிரிப் பாகங்கள் வந்தன. கூடவே வான்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டு, போர் முடிந்த 2009இல் மீண்டும் திறந்தது. இந்த இடைவெளிகளில் ஏ40 கார்கள் ஒவ்வொன்றாக வீதியிலிருந்து விலகின. இன்று திருமண ஊர்வலத்திலும் பழைய கார்ப் பிரியர்களின் கொட்டகையிலும் அவற்றைக் காணலாம்.

இன்றைய வாகனங்களில் பெல்ற் மறைந்துவிடவில்லை, கண்ணிலிருந்து மறைந்திருக்கிறது. 1962இல் ஜேர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் காரில் முதன்முதலாகப் புகுத்திய பற்கள் வைத்த ‘ரைமிங் பெல்ற்’, பின்னாளில் பல யப்பானியக் கார்களுக்குள்ளும் வந்தது. அது மூடிக்குள் இருப்பது. அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்ரனும் மோதி எஞ்சினே உடைந்துபோகும். அதைப் பார்த்து அறிய முடியாது. உற்பத்தியாளர் சொன்ன கிலோமீற்றரில் மாற்றியே ஆகவேண்டும். வெளியே ஓடும் பெல்ற்றிலும் இரப்பர் மாறிவிட்டது. கடந்த முப்பது ஆண்டுகளில் பரவிய புதிய வகைச் செயற்கை இரப்பர் எளிதில் வெடிப்பதில்லை. ரயரைப் போல மெல்லத் தேய்கிறது. வெடிப்பைத் தேடிப் பழகிய கண் அதனிடம் ஏமாறும். அதன் நீள்வரிப் பள்ளங்கள் எவ்வளவு அகன்றிருக்கின்றன என்று அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண்கள் வேலைக்கும் பாடசாலைக்கும் செல்லும் ஸ்கூட்டர்களின் பின்சக்கரத்தைச் சுற்றுவதும், இடப்பக்க மூடிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பெல்ற்தான். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் போன்ற கார்களிலோ வெளிப் பெல்ற் என்பதே கிடையாது. தண்ணீர்ப் பம்பு மின்சாரத்தில் ஓடுகிறது.

ஆகவே பழைய அறிவு பயனற்றதாகிவிட்டதா? 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. 2022இல் எரிபொருளுக்காக நாடு முழுவதும் நாட்கணக்கில் வரிசையில் நின்றது. கியூஆர் குறியீட்டின்படி லீற்றர் அளந்து பங்கிடப்பட்டது. வடக்கு 1990இல் அறிந்ததைத் தெற்கு அப்போது அறிந்தது. அதில் மகிழ்ச்சி கொள்ள ஒன்றுமில்லை. இல்லாமை திரும்பி வரக்கூடியது என்பதை மட்டும் அது நினைவூட்டிற்று.

நம் வரலாற்றை எழுதும்போது மாவீரத்தையும் பேரழிவையும் எழுதுகிறோம். இடையில் ஒரு சமூகம் தன் அன்றாடத்தை எப்படி ஓட்டிற்று என்பதை எழுத மறந்துவிடுகிறோம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பேணிவருவதோடு வாய்மொழி வரலாறுகளையும் பதிவு செய்கிறது. கோயில் மரபையும் கூத்து மரபையும் சொல்ல வல்லவர்களைத் தேடுவது போல, கராச்சில் வாழ்நாளைக் கழித்தவர்களையும் தேடிப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தலைமுறையில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் கைந்நூல் இல்லை, குறிப்பேடும் இல்லை. கேட்டால் சொல்வார்கள், அவர்கள் போய்விட்டால் கேட்க இடமில்லை.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் கார் ஓட்டும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தையோ, மாமாவோ, பெரியப்பாவோ அந்நாளில் ஏ40 ஓட்டியவராக இருந்தால், அடுத்த முறை பேசும்போது மண்ணெண்ணெயைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். பெல்ற்றை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.